பர்மா பிரிந்த கதையும் நம் உளுந்து மூட்டையும்

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசி. என்னிடம் வாரந்தோறும் சரக்கு எடுக்கும் சிறு மளிகைக்காரர் ஒருவர், உளுந்து விலையைக் கேட்டதும் மூட்டையின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டார். “ஏண்ணே, பர்மாவுல பட்டாளத்தான் ஆட்சியைப் புடிச்சா நம்ம ஊர்ல உளுந்து ஏன் ஏறணும்? அவங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். அன்று கடையில் கூட்டம். “கப்பல் வரலை தம்பி, அதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அது பாதிப் பதில்தான். முழுப் பதிலைச் சொல்ல வேண்டுமானால் 1937-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஒரு நாடு தான் சேர்ந்திருந்த பெரிய கூட்டை விட்டு விலகினால், கடைத்தெருவில் என்னென்ன நடக்கும் என்பதை நம் பாட்டன்மார் அப்போதே பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, அது வெள்ளைக்காரர் வீட்டுச் சண்டை என்று நாம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டோம். ஆனால் அந்தக் கதையில் நமக்கும் பாடம் இருக்கிறது. மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரே கல்லாவாக இருந்த காலம்

நம் ரஞ்சன்குடிக் கோட்டையைச் சாலையிலிருந்து பார்க்காதவர் இருக்க முடியாது. 1751-ல் இந்தக் கோட்டையையும் வாலிகண்டபுரத்தையும் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்டார்கள். இரண்டு பேருமே வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்காரர்கள். அந்தச் சண்டையில் ஆங்கிலேயர் தோற்றுப் பின்வாங்கினாலும், முடிவில் நாடு அவர்கள் கைக்குத்தான் போயிற்று. அந்தக் கம்பெனி அதோடு நிற்கவில்லை. 1824-லும் 1852-லும் பர்மா மீது படையெடுத்தது. 1885-ல் மூன்றாம் போரும் முடிந்தபின் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டு, சென்னை மாகாணம் போல அதுவும் ஒரு மாகாணம் ஆயிற்று.

வியாபாரிகள் கணக்கில் இதன் பொருள் என்ன? ரங்கூனும் சென்னையும் ஒரே கல்லா. செல்லுபடியான நாணயம் ஒன்று, ரூபாய். நடுவில் சுங்கம் கிடையாது. போய்வர அனுமதிச் சீட்டு கிடையாது. கையில் கப்பல் கட்டணம் இருந்தால் யாரும் ரங்கூனில் போய் இறங்கலாம். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், மொகல் தெருவில் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரும் அதில் அடக்கம்.

அங்கிருந்து இங்கே வந்தவை அரிசியும், மண்ணெண்ணெயும், தேக்கும். இங்கிருந்து அங்கே போனவை துணி, கைத்தறி லுங்கி, சணல் சாக்கு போன்றவை. 1930-களில் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசியை வெளியே அனுப்பியது. அதில் ஏறக்குறைய பாதி இந்தியாவுக்கு வந்தது. நம் தஞ்சாவூர் மிராசுதார்களுக்கு அது தொல்லை. ஏழை எளியவருக்கும் தோட்டக் கூலிகளுக்கும் அது சோறு.

ஒரே கல்லாவுக்குள் இருப்பதால் என்ன லாபம் என்பதற்கு ஓர் உதாரணம். உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்தபோது, சயாமிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் வந்த மலிவான குறுணைக்கு 1935-ல் இந்திய அரசு இறக்குமதி வரி போட்டது. பர்மா அரிசிக்கு அந்த வரி இல்லை. அது அயல்நாட்டுச் சரக்கு அல்ல, உள்நாட்டுச் சரக்கு. இரண்டே வருஷத்தில் அந்த நிலை மாறியது.

பிரிந்த நாள்

பர்மாவை இந்தியாவிலிருந்து பிரிக்க வேண்டும் என்று சைமன் கமிஷன் 1930-ல் சிபாரிசு செய்தது. பர்மிய மக்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. 1932 நவம்பரில் இந்தப் பிரச்சினையை வைத்தே அங்கே தேர்தல் நடந்தது. பிரியக் கூடாது என்றவர்கள்தான் அதிக இடங்களில் ஜெயித்தார்கள். ஆனாலும் பிரிவினை நிற்கவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா தனி நாடாயிற்று. ஆண்டவர் மட்டும் இரண்டுக்கும் ஒருவரே.

என் பாட்டனார் கைப்பட எழுதிய சிட்டைகள் சில எங்கள் பரணில் கிடந்தன. கரையான் தின்றது போக மிஞ்சியதில் தாது வருஷத்துச் சிட்டையும் அடுத்த ஈஸ்வர வருஷத்துச் சிட்டையும் இருந்தன. பர்மா பிரிந்த நாள் தாது வருஷம் பங்குனி மாதத்தில் வருகிறது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பங்குனியில் ‘ரங்கூன் அரிசி’ என்று எத்தனை மூட்டை எழுதியிருக்கிறதோ, சித்திரையிலும் அப்படியே எழுதியிருக்கிறது. விலையில் சில அணா வித்தியாசம் மட்டுமே. ஒரு நாடு விலகிப் போன தேதி ஒரு மளிகைக்காரரின் சிட்டையில் ஒரு கோடாகக் கூடப் பதியவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பிரிவினையோடு ஒரு வியாபார ஏற்பாட்டையும் அரசு செய்திருந்தது. மூன்று வருஷத்துக்கு இரண்டு நாடுகளுக்கும் இடையே பழையபடியே வரியில்லாமல் சரக்கு போய்வரலாம் என்பது ஏற்பாடு. ரூபாயும் ஒரேயடியாக மாறவில்லை. ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று அச்சுக் குத்திய நோட்டுகள் வந்தன. ஆனால் அவற்றை வெளியிட்டது நம் ரிசர்வ் வங்கியேதான். ஜப்பானியர் பிடித்திருந்த காலம் நீங்கலாக, 1947 ஏப்ரல் வரையில் பர்மாவுக்கும் அதுவே மத்திய வங்கி.

முதல் பாடம் இதுதான். நாடு விலகும் நாளில் கடையில் ஒன்றும் தெரியாது. இடைக்கால ஏற்பாடு முடியும் நாளில்தான் தெரியும். விலகிய தேதியைப் பத்திரிகை கொட்டை எழுத்தில் போடும். கெடு முடியும் தேதியை உள்பக்கத்தில் ஒரு மூலையில் போடும். வியாபாரி குறித்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது தேதியை.

முதலில் காகிதம், பிறகு வரி, கடைசியில் ஆள்

மூன்று வருஷக் கெடு முடிந்த பிறகு பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாகப் புதிய வியாபார ஒப்பந்தம் 1941 ஏப்ரலில் வந்தது. இனி பர்மா தனக்கு வேண்டிய வரியை இந்தியச் சரக்குக்குப் போடலாம், இந்தியாவும் போடலாம், ஒருவருக்கொருவர் சலுகை மட்டும் உண்டு என்றாயிற்று. அதே 1941-ல் குடியேற்ற ஒப்பந்தமும் வந்தது. அதுவரை சொந்த ஊர்போலப் போய்வந்த இடத்துக்கு அனுமதிச் சீட்டும் கட்டணமும் என்றார்கள். காந்தியடிகள் உட்பட இந்தியத் தலைவர்கள் எதிர்த்தார்கள். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தே தாய்நாடு திரும்பினார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். பர்மா அரிசி நின்றது. 1943-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. அதே ஆண்டில் சென்னைப் பட்டணத்துக்கும் ரேஷன் வந்தது. என் பாட்டனாரின் சிட்டையில் விஷு வருஷம் மார்கழிக்குப் பிறகு ‘ரங்கூன் அரிசி’ என்ற சொல்லே இல்லை.

இதில் நாம் கணக்கைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரிசி நின்றது யுத்தத்தினால். பிரிவினையினால் அல்ல. ஆனால் யுத்தம் முடிந்த பிறகு பழைய வியாபாரம் பழையபடி திரும்பாமல் போனதற்குக் காரணம் பிரிவினைதான். ஒரே கல்லாவாக இருந்திருந்தால் கப்பல் ஓடத் தொடங்கிய உடனே வியாபாரியும் கிளம்பியிருப்பார். இப்போது அவர் அயல்நாட்டுக்காரர் ஆகிவிட்டார்.

1948 ஜனவரி 4-ஆம் தேதி பர்மா விடுதலை பெற்றது. அப்போது காமன்வெல்த் கூட்டிலும் அது சேரவில்லை. முதலில் இந்தியக் கூட்டை விட்டது, பிறகு பிரிட்டிஷ் கூட்டையும் விட்டது. அதன் பிறகு அரிசி வாங்கியது வியாபாரி அல்ல, அரசாங்கம். 1954-ல் இந்திய அரசு பர்மாவிடம் 9 லட்சம் டன் அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தது. 1937-ல் பிரிந்தபோது பர்மா இந்தியாவுக்குத் தர வேண்டியதாக எழுதிய கடன் பாக்கியையும் அந்த அரிசி வியாபாரத்தோடு சேர்த்தே தீர்த்தார்கள். பாகம் பிரித்த அண்ணன் தம்பி கணக்குப் போல, பிரிந்து 17 வருஷம் கழித்துத்தான் கணக்கு முடிந்தது.

நிலத்தில் பணம் போட்டவர்கள் கதை இன்னும் கஷ்டம். பர்மாவில் நகரத்தார் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். மந்த காலத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938-ல் 25 சதவீதமாயிற்று. ரொக்கமாக இருந்தால் எடுத்துக்கொண்டு வரலாம். நிலத்தை எப்படித் தூக்கி வருவது? விடுதலைக்குப் பிறகு நில உடைமைச் சட்டங்களில் அது போயிற்று. ‘அந்நியன் வந்து நம் நிலத்தை எடுத்துக்கொண்டான்’ என்ற பர்மிய விவசாயியின் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது.

கடைசி அடி 1962-ல் ஜெனரல் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்த பிறகு விழுந்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். முதல் அறிவிப்பில் கடை போயிற்று, இரண்டாவது அறிவிப்பில் கல்லாவில் இருந்ததும் போயிற்று. 1960-களில் மூன்று லட்சம் இந்தியர்கள் வரை திரும்பி வந்தார்கள். கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியவர்களில் பலர் இரண்டு கையையும் வீசிக்கொண்டுதான் வந்தார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-ல் தொடங்கிய பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகளே. தமிழ்நாட்டில் பல ஊர்களில் ‘பர்மா காலனி’ என்று பெயர் இருப்பதும் அவர்களால்தான்.

முதலில் காகிதம் வந்தது. பிறகு வரி வந்தது. கடைசியில் ஆளே திரும்பி வந்தார். தாது வருஷத்துச் சிட்டையில் தெரியாமல் போனது, 27 வருஷம் கழித்துத் துறைமுகத்தில் தெரிந்தது.

இங்கிலாந்து விலகிய கதை

இதே வரிசையை இங்கிலாந்திலும் பார்க்கலாம். பிரிட்டன் 1973 ஜனவரி 1-ல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டில் சேர்ந்தது. 2016 ஜூன் 23-ல் நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். 2020 ஜனவரி 31-ல் விலகினார்கள். அன்றைக்கும் கடைகளில் ஒன்றும் மாறவில்லை. 2020 டிசம்பர் 31 வரை இடைக்காலம் என்று ஏற்பாடு. 2021 ஜனவரி 1-ல்தான் விஷயம் தெரிந்தது.

நமக்கு இது புரிய வேண்டுமானால் பழைய சோதனைச் சாவடிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் தஞ்சை மாவட்டத்து நெல்லைக் கொள்ளிடம் தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவரவே அனுமதிச் சீட்டு வேண்டும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வரும்வரை மாநில எல்லைகளில் லாரிகள் வரிசை கட்டி நின்றதையும் நாம் பார்த்திருக்கிறோம். நாம் எந்த ஆண்டு உள்நாட்டுச் சாவடிகளை எடுத்தோமோ, அதற்கு முந்தின ஆண்டில்தான் பிரிட்டன் தன் வாசலில் சாவடி கட்ட ஓட்டுப் போட்டது.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2020 டிசம்பர் 24-ல் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. வரியில்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை என்று அறிவித்தார்கள். வரியில்லை என்றால் தொல்லையில்லை என்று பலர் நினைத்துவிட்டார்கள். சரக்கு எந்த நாட்டில் விளைந்தது, எங்கே தயாரானது என்பதற்குச் சான்று வேண்டும். இறைச்சி, பால் பொருள் என்றால் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். சுங்கப் படிவம் வேண்டும். ஜனவரி மாதத்தில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய லாரி டிரைவர்களிடமிருந்து, சாப்பாட்டுக்கு வைத்திருந்த இறைச்சி ரொட்டியைக் கூட அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்நிய நாட்டு இறைச்சி உள்ளே வரக் கூடாது என்பது சட்டம்.

ஒரு மிட்டாய்க் கதையும் உண்டு. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் கடைகளில் விற்கும் ‘பெர்சி பிக்’ என்ற மிட்டாய் ஜெர்மனியில் தயாராவது. அது பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போகும். ஜெர்மனியும் அயர்லாந்தும் ஒன்றியத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் நடுவில் பிரிட்டனில் இறங்கி ஏறியதால், அது பிரிட்டிஷ் சரக்கும் இல்லை, ஐரோப்பியச் சரக்கும் இல்லை என்று வரி கேட்கும் நிலை வந்தது. கிட்டங்கி இருக்கும் இடமே நஷ்டத்துக்குக் காரணமாகலாம் என்பதை அன்று பலர் கண்டார்கள். அதே நிறுவனம் பிரான்சில் நடத்திவந்த கடைகளில் 11 கடைகளை மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது.

சிறிய வியாபாரிக்கே பெரிய சுமை

பெரிய நிறுவனத்துக்குப் படிவம் எழுத ஒரு தனி இலாகாவே உண்டு. சிறியவருக்கு யார் இருக்கிறார்கள்? காகிதச் செலவின் சுபாவம் நமக்குத் தெரியும். லாரி நிறையச் சரக்கு வந்தாலும் ஒரு சான்று, ஒரு பெட்டி வந்தாலும் ஒரு சான்று. மூட்டைக்கு இவ்வளவு என்று வரும் வரியை விலையில் ஏற்றலாம். சீட்டுக்கு இவ்வளவு என்று வரும் செலவைச் சிறியவரால் ஏற்ற முடியாது.

இங்கிலாந்து தன் பக்கத்துச் சோதனையைப் பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஏப்ரல் 30-ல் தொடங்கியது. டோவர் துறைமுகம் வழியாக வரும் இறைச்சி, பால் பொருள், செடி வகைகளுக்கு ஓர் இனத்துக்கு 29 பவுண்டு வரை கட்டணம், பல இனம் சேர்ந்த ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்டு என்று வைத்தார்கள். ஆயிரம் பெட்டி பாலாடைக்கட்டி வரவழைக்கும் பெருங்கடைக்கு இது பெட்டிக்குச் சில காசு. ஐந்து பெட்டி வரவழைக்கும் தெருமுனைக் கடைக்காரருக்கோ இதுவே அவர் லாபம் முழுதும். ‘ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்பார்கள். நாடு ரெண்டுபட்டால் சிறு கடைக்காரருக்குத் திண்டாட்டம்.

வட அயர்லாந்துக் கதை இன்னும் விசித்திரம். அது பிரிட்டனின் பகுதி. ஆனால் சரக்குச் சட்டத்தில் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருக்கிறது. ஆகவே சொந்த நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் சரக்கு அனுப்பவே விதிமுறை வந்தது. 2023 பிப்ரவரியில் செய்த வின்ட்சர் உடன்பாட்டின்படி, அங்கே போகும் உணவுப் பொருள்கள் பலவற்றின் மேல் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். கடைசியில் 2025 மே மாதம், உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க மறுபடியும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று இரு தரப்பும் பேசி முடிவெடுத்தன. விலகியவர்களும் வியாபாரத்துக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டத்தான் வேண்டியிருக்கிறது.

மீண்டும் பர்மா

நாமும் பர்மாவும் அப்படித்தான். அரசுகள் பிரிந்தாலும் வயல் இடம் மாறுவதில்லை, இட்லி தின்பவர் பழக்கமும் மாறுவதில்லை. ஒரு காலத்தில் அரிசி வந்த ரங்கூன் துறைமுகத்திலிருந்து இன்று நமக்கு உளுந்து வருகிறது. வெளியிலிருந்து இந்தியாவுக்கு வரும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மர் என்று இன்று பெயர் மாறியுள்ள பர்மாவின் உளுந்துதான். சென்னை மார்க்கெட்டில் எஃப்.ஏ.கியூ., எஸ்.கியூ. என்று இரண்டு ரகமாக விலை சொல்வது அதைத்தான். ‘லெமன்’ என்று சொல்லும் துவரையும் அங்கிருந்தே வருகிறது. அந்த ஊர் விவசாயி உளுந்து விதைப்பது தான் சாப்பிட அல்ல. நம்மை நம்பித்தான் விதைக்கிறார்.

ஆனால் இப்போது நடுவில் ஒரு எல்லையும், இரண்டு அரசுகளும், இரண்டு நாணயங்களும் இருக்கின்றன. 2015, 2016-ல் உளுத்தம் பருப்பு கிலோ 150 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அடுத்த ஆண்டு நம் நாட்டிலேயே விளைச்சல் கொட்டியது. விலை சரிந்தது. 2017 ஆகஸ்டில் டில்லி ஒரு கட்டுப்பாடு போட்டது. துவரை ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்து 3 லட்சம் டன், அதற்கு மேல் இறக்குமதி கூடாது என்றார்கள். நம் விவசாயியைக் காப்பாற்றச் செய்தது அது. பர்மா விவசாயி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். இன்னும் ஏறும் என்று 2016-ல் வாங்கிப் போட்ட உளுந்தை 2017-ல் பாதி விலைக்குத் தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

2021 பிப்ரவரி 1-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வங்கிகள் மூடின, துறைமுக வேலை ஸ்தம்பித்தது. விலை ஏறியது. நம் மளிகைக்காரர் கேட்ட கேள்விக்கு உடனடிக் காரணம் அதுதான். அந்த ஆண்டு மே மாதம் டில்லி கட்டுப்பாட்டைத் தளர்த்தி இறக்குமதியைத் திறந்தது. ஜூனில், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் உளுந்து 2.5 லட்சம் டன்னும் துவரை 1 லட்சம் டன்னும் வாங்குவதாக மியான்மரோடு உடன்படிக்கை ஆயிற்று. 2024 ஜனவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ரூபாயிலேயே பணம் செலுத்தும் ஏற்பாடும் தொடங்கியது. 1937-க்கு முன்னால் கேட்காமலே இருந்த வசதியை, 87 வருஷம் கழித்து ஒப்பந்தம் எழுதித் திரும்பப் பெற்றிருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

சங்கத்து நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, கெடுத் தேதியைக் கடை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பருப்பு இறக்குமதிச் சலுகையை டில்லி அறிவிக்கும்போதெல்லாம் ‘இன்ன தேதி வரை’ என்றே அறிவித்துவந்திருக்கிறது. பெரும்பாலும் அது மார்ச் 31-ஆக இருக்கும். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் புதிதாகப் பெருங்கொள்முதல் செய்யாதீர்கள். நீட்டிப்பார்கள் என்ற வதந்தியையும் நீட்டமாட்டார்கள் என்ற வதந்தியையும் நம்பி வாங்குவது வியாபாரம் அல்ல, சூதாட்டம்.

இரண்டு, ஒரே ஊர்ச் சரக்கை நம்பி இருக்காதீர்கள். டெல்டாவில் சம்பா அறுப்புக்குப் பின் நெல் தரிசில் விதைக்கும் உளுந்து நம் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிறது. பங்குனி, சித்திரையில் அது வரும்போது விவசாயியிடமும் உள்ளூர்த் தரகரிடமும் வாடிக்கை வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடப் போனாலும், கப்பல் நின்ற மாதத்தில் அந்த வாடிக்கைதான் கடையைத் திறந்து வைக்கும்.

மூன்று, விலை ஏறும் காலத்தில் பதுக்க ஆசைப்படாதீர்கள். 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு போட்டு, மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என்று அறிவித்தார்கள். சில மாதத்தில் மொத்த வியாபாரியின் வரம்பை 50 டன்னாகக் குறைத்தார்கள். கணக்கில் காட்டாத மூட்டை அன்றைக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

நான்கு, வெளியூரில் பாக்கி நிற்க விடாதீர்கள். பர்மாவில் நகரத்தார் கற்ற பாடம் இது. எல்லை மூடினாலும் ரொக்கம் திரும்பலாம். நிலத்திலும் கடனிலும் போனது திரும்பாது. இறக்குமதிச் சரக்குக்கு முன்பணம் கொடுக்கும்போது, சரக்கு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

ஐந்து, வாடிக்கையாளருக்குக் காரணம் சொல்லுங்கள். “மேலே ஏத்திட்டாங்க” என்பது பதில் அல்ல. அன்று நானும் அப்படித்தான் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பினேன். விலை ஏறிய காரணம் தெரிந்தால் அரைக் கிலோ வாங்குபவர் கால் கிலோ வாங்குவார், ஆனால் நம் கடையிலேயே வாங்குவார். காரணம் தெரியாவிட்டால் நாம்தான் ஏற்றினோம் என்று நினைத்து அடுத்த கடைக்குப் போவார்.

அந்த மளிகைத் தம்பி இப்போதும் வாரந்தோறும் வருகிறார். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, பாட்டனாரின் சிட்டையை எடுத்து அவரிடம் காட்டினேன். தாது வருஷத்துப் பங்குனியையும், விஷு வருஷத்து மார்கழியையும் விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப நாம அஞ்சு வருஷம் முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டிருக்கலாமே அண்ணே” என்றார். என் பாட்டனாருக்கு அதைச் சொல்ல அன்று ஆள் இல்லை. நமக்குச் சங்கம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. தேதியைக் குறித்துவைக்கும் வேலை மட்டும்தான் பாக்கி.